விட்ட கை

கபடியில் மூலையில் நிற்பவரின் வேலை பிடிப்பது. அந்தப் பிடி ஒரு கையை விடுவதில்தான் தொடங்குகிறது. பாடி வருபவர் நடுக்கோட்டைத் தாண்டியதும் எதிரணியின் ஏழு பேரும் வளைவாக நிற்பார்கள். அருகருகே நிற்பவர்கள் கைகோத்திருப்பார்கள். மூலைக்காரர் பக்கத்து ஆளின் கையைப் பற்றியபடியே, பாடுபவரின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கணுக்கால் எட்டும் தூரத்துக்கு வந்ததும் கோத்த கையை விட்டுவிட்டுப் பாய்வார். பார்ப்பவர்களின் கண் கணுக்காலோடு போய்விடும். விடப்பட்ட மற்றக் கை அரை நொடி காற்றில் நீண்டபடியே நிற்கும்.

திருகோணமலையில், பிரெட்ரிக் கோட்டைக்குக் கீழேயுள்ள கடற்கரை மணலில், ஒரு பின்னேரம் சிறுவர்கள் கபடி ஆடினார்கள். கோடுகள் காலால் இழுத்தவை. மூலையில் நின்ற பையன் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். பாடி வந்தவன் பிடிபட்டான். புள்ளி கிடைத்தது. எழுந்து மணலைத் தட்டும்போது, மூலைக்காரனோடு கைகோத்து நின்றவன் கேட்டான்: "ஏன்டா கையை விட்டனீ?" மூலைக்காரன் சொன்னான்: "நான் விடேல்ல. நீதான் விட்டனீ." அவ்வளவுதான். அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது.

அதைப் பார்த்து நின்ற ஒருவருக்கு அந்த இரண்டு வாக்கியங்களும் நாட்கணக்காக மனத்தை விட்டுப் போகவில்லை. தோற்றிருந்தால் பழியை ஒருவர் மேல் ஒருவர் போடுவது இயல்பு. அவர்கள் வென்றிருந்தார்கள். கை விடப்பட்டதால்தான் வென்றார்கள். அப்படியிருந்தும் விட்டவன் நானே என்று சொல்ல இருவருக்கும் மனமில்லை. வெற்றியைக் கொண்டுவந்த செயலுக்கே உரிமை கோர ஆளில்லாமல் போனது ஏன் என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டுக் கபடியில் இந்த மூலை வேலையை நீண்டகாலம் செய்தவர் தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர்; 1975 ஏப்ரலில் பிறந்தவர்; வலது மூலையில் நிற்பவர். புரோ கபடி லீக் 2014 ஜூலையில் தொடங்கியபோது அவருக்கு வயது 39. பெரும்பாலான ஆட்டவீரர்கள் காலணியைக் கழற்றிவைக்கும் வயதில்தான் தொலைக்காட்சி அவரைத் தேடி வந்தது. 2016 ஜூலை 31 அன்று ஐதராபாத்தில், அவர் தலைமையில் ஆடிய பாட்னா பைரேட்ஸ் அணி ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸை 37–29 என்று வென்று கிண்ணத்தை எடுத்தது. அப்போது அவருக்கு 41. அதே ஆண்டு ஒக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கிண்ணத்தை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். தன்னில் பாதி வயதுள்ளவர்களோடு ஆடிய அவரை ஆட்டக்களத்தில் 'அண்ணா' என்றே அழைத்தார்கள்.

மூலைக்காரரின் ஆட்டம் எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஆண்கள் களத்தின் நீளம் 13 மீற்றர், அகலம் 10 மீற்றர். ஒரு பாட்டுக்கு 30 நொடி. பாடுபவர் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீற்றர் தொலைவிலுள்ள கோட்டையாவது தாண்ட வேண்டும், அல்லது யாரையாவது தொட வேண்டும். இல்லையென்றால் அவரே வெளியேற வேண்டும். அவர் உள்ளே வர வர, பிடிப்பவர்களுக்கு வாய்ப்பும் கூடும், ஆபத்தும் கூடும். பிடித்த பிறகும் அவருடைய விரல்நுனி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால், பிடித்தவர்கள் அத்தனை பேரும் வெளியே. ஆகவே மூலைக்காரர் பாய்வது தன் உயிரை மட்டும் பணயம் வைத்தல்ல. அவர் பிழையாகப் பாய்ந்தால், உதவிக்கு ஓடிவந்து பிடித்தவர்களும் போவார்கள். சற்றுமுன் அவர் விட்ட கைக்குரியவரும் அதில் ஒருவர்.

இந்த இடத்தில் நினைவு கிளித்தட்டுக்குப் போகிறது. இலங்கையின் கிழக்கில் வளர்ந்தவர்களுக்கு மறிப்பது என்றால் என்ன என்று முதலில் கற்றுக்கொடுத்தது அந்த ஆட்டம்தான். தாச்சி என்ற பெயரும் அதற்கு உண்டு. நிலத்தில் தட்டுகளைக் கீறி, ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் ஒருவர் மறித்து நிற்பார். கிளி மட்டும் நடுக்கோட்டில் ஓடலாம். மற்றவர்கள் தங்கள் கோட்டை விட்டு இறங்கக் கூடாது. ஓடுகிறவன் சிரித்துக்கொண்டே ஒரு முழத் தூரத்தில் நின்று ஏய்ப்பான். கோட்டிலிருந்து கால் எடுத்தால் அவனை அடித்துவிடலாம். ஆனால் எடுத்தால் அடி செல்லாது. கடற்கரையில் நின்று பார்த்தவர் சிறு வயதில் எப்போதும் கடைசிக் கோட்டில் நிறுத்தப்பட்டவர். அங்கே நிற்பவரிடம் யாரும் கைகோப்பதில்லை. கோடு மட்டும்தான் துணை. மாலை முழுவதும் மறித்துவிட்டு வீட்டுக்குப் போனால், எத்தனை பேரை மறித்தாய் என்று யாரும் கேட்டதில்லை. எத்தனை பழம், அதாவது எத்தனை வெற்றிப் புள்ளி, எடுத்தாய் என்றுதான் கேட்டார்கள்.

இதே மனக்குறை உலகின் மற்றப் பக்கத்திலும் இருந்திருக்கிறது. நூலகத்தில் பழைய சஞ்சிகையொன்றில் எப்போதோ படித்து, பாதி மறந்துபோன செய்தி அது. அமெரிக்கர்கள் கையில் பந்தோடு ஓடும் தங்கள் உதைபந்தாட்டத்தில், எதிரணி பந்தோடு முன்னேறுவதைத் தடுக்க, கோட்டில் முதல் வரிசையாகச் சில பாரிய மனிதர்களை நிறுத்துகிறார்கள். ஒரு கையை நிலத்தில் ஊன்றிக் குனிந்து, பந்து அசைந்ததும் பாய்வது அவர்களின் வேலை. பந்தை எறியவேண்டியவரை எறியுமுன்பே வீழ்த்துவது அவர்களுடைய உச்சச் செயல். டீக்கன் ஜோன்ஸ் என்பவர் 1961 முதல் 1974 வரை அந்த வரிசையில் ஆடி, அந்தச் செயலுக்கு ஒரு பெயரையே புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் அதை ஆளுக்காள் எண்ணி அதிகாரபூர்வமாகப் பதியும் வழக்கம் 1982இல்தான் வந்தது. அவர் வீழ்த்தியவை அவருடைய பெயரில் அதிகாரபூர்வக் கணக்கில் ஏறவேயில்லை. எண்ணப்படாத மறிப்பு என்பது கிளித்தட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்ந்ததல்ல.

அந்த வரிசையில் நின்ற இன்னொருவர் அலன் பேஜ். அவருடைய வாழ்க்கையை வரிசையாகச் சொல்லலாம். 1967இல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணி அவரை எடுத்தது. 1971இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டவீரர் விருது அவருக்குக் கிடைத்தது. தடுப்பு ஆட்டக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. அவர் இருந்த காலத்தில் அணி நான்கு முறை இறுதிப் போட்டிக்குப் போய் நான்கிலும் தோற்றது. ஆடிக்கொண்டே சட்டம் படித்து 1978இல் பட்டம் பெற்றார். நெடுந்தூரம் ஓடத் தொடங்கியதால் உடல் மெலிந்தது. மெலிந்த தடுப்பாளர் வேண்டாம் என்று அதே 1978இல் அணி அவரை விடுவித்தது. சிக்காகோ அணியில் 1981 வரை ஆடி ஓய்வுபெற்றார். 1993இல் மினசோட்டா மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 2015இல், ஓய்வு வயதான எழுபதில் பதவியிலிருந்து இறங்கினார்.

இந்த வரலாற்றில் மனம் ஒட்டிக்கொள்வது விருதிலோ பதவியிலோ அல்ல. ஒரு கையின் சுண்டுவிரலில். ஆட்டத்தில் பலமுறை பிசகி, அந்த விரல் மற்ற விரல்களை விட்டு விலகிக் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்கிறது. நீதிபதியாகத் தீர்ப்பு எழுதிய காலத்திலும் அது அப்படியேதான் இருந்தது. பிள்ளைகள் அதைப் பற்றியே கேட்டதால், மகளோடு சேர்ந்து அந்த விரலைப் பற்றிச் சிறுவர் நூல் ஒன்றும் எழுதினார். ஆட்டத்தை விட்டுப் பல பத்தாண்டுகளான பிறகும் ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் விரல் அது. அணி அவரை விட்டதா, அவர் அணியை விட்டாரா என்று கேட்டால், இரண்டுக்கும் ஆதாரம் காட்டலாம். மெலியும்வரை ஓடியது அவர். பெயரை நீக்கியது அணி. மணலில் சண்டைபிடித்த இரு பையன்களின் வாக்கியங்களும் இங்கே பொருந்துகின்றன.

தமிழில் இந்தச் செயலுக்குள்ள சொல்லே பாரமானது. கையை விடுவது வேறு, கைவிடுவது வேறு. முன்னது விரல்களின் அசைவு. பின்னது துரோகம். தாயைக் கைவிட்டான், ஊரைக் கைவிட்டார்கள் என்றால் கேட்பவர் முகம் மாறும். இரண்டுக்கும் நடுவே எழுத்தில் இருப்பது ஓர் 'ஐ' மட்டும். பேச்சில் அதுவும் கரைந்துவிடும். "ஏன்டா கையை விட்டனீ" என்ற கேள்வியில் அந்தப் பையன் ஆட்ட நுட்பத்தைக் கேட்டானா, மற்றதைக் கேட்டானா? பதில் சொன்னவன் எதை மறுத்தான்? பிடிப்பதற்காக விடுவதற்கென்று பழியில்லாத ஒரு தனிச் சொல் இருந்திருந்தால், அவன் பெருமையோடு ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆட்டக்காரர்கள் கணுக்கால் பிடிக்குப் பெயர் வைத்தார்கள், தொடைப் பிடிக்குப் பெயர் வைத்தார்கள். அதற்கு முந்திய அந்த அரை நொடிக்குப் பெயர் வைக்கவில்லை.

திருகோணமலையில் இந்தக் கேள்வியை ஆட்டத்தோடு நிறுத்த முடியாது. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, இதே கரையோரம் எங்கும் கடல் ஏறியது. மூதூர், கிண்ணியாப் பக்கம் பேரழிவு. கிண்ணியா வைத்தியசாலையும் அழிந்தது. அன்று பிடித்த கைகள் உண்டு, பிரிந்த கைகள் உண்டு. அந்தப் பிரிவைச் சொல்லத் தமிழில் இரண்டு வழி இருக்கிறது. 'விட்டேன்' என்றால் செய்தவர் இருக்கிறார். 'விட்டுப்போச்சு' என்றால் வினை மட்டும் இருக்கிறது, செய்தவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்தபோது, ஒரு வினைமுற்று மனிதரைத் தாங்கிப்பிடிக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. அலை இழுத்த வேகத்தில் எந்த விரல் முதலில் நெகிழ்ந்தது என்பதைத் தப்பியவரும் அறியமாட்டார். மொழி அவருக்கு 'போச்சு' என்ற ஒரு சொல்லைக் கொடுத்து, அதற்கு மேல் கேட்காமல் நிறுத்திக்கொள்கிறது.

அந்தக் கரையில் விளையாடும் சிறுவர்கள் அதற்குப் பின் பிறந்தவர்கள். அவர்களுடைய மறுப்புக்கும் கடலுக்கும் முடிச்சுப் போடுவது மிகையாகவும் இருக்கலாம். எந்த ஊர்ச் சிறுவனும் அப்படித்தான் மறுத்திருப்பான் என்பதும் நியாயமான வாதம். ஆனால் கடல் ஏறிய ஊரின் வீடுகளில், கூட்டத்துக்குள் போகும்போது பிள்ளையிடம் "கையை விட்டிடாத" என்று சொல்லும் குரல் கொஞ்சம் கூடுதலாகவே அழுந்தும். துறைமுகத்தில் மட்டும் விடுவது பழியாவதில்லை. கப்பல் புறப்பட வேண்டுமென்றால் இறங்குதுறையில் நிற்பவர் கயிற்றை அவிழ்த்தே ஆக வேண்டும். கடைசிக் கயிறு விழும்வரை கப்பல் அசையாது. அங்கே விடுவதும் வேலை, அதற்கும் கூலி உண்டு. கப்பலில் இருப்பவரும் அவிழ்த்தவரைப் பார்த்து ஏன் விட்டாய் என்று கேட்பதில்லை.

சேரலாதனின் வாழ்க்கை அந்த 2016 கிண்ணங்களோடு முடியவில்லை. அடுத்து புனேரி பல்டன், பிறகு யூ மும்பா, 2019இல் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்குத் தலைவர். அப்போது வயது 44. அணிகள் மாறின, பற்றியிருந்த கை ஒவ்வோர் ஆண்டும் வேறொருவருடையது. கபடி மூலையில் பழக்கம்தான் பாதுகாப்பு. பக்கத்து ஆள் எப்போது இழுப்பார், எப்போது நெகிழ்வார் என்று உள்ளங்கை அறிந்திருக்க வேண்டும். புதிய கையோடு அந்தப் பழக்கத்தை ஒவ்வொரு பருவமும் முதலிலிருந்து தொடங்கிய மனிதர் அவர். பின்னர் களத்துக்கு வெளியே வந்தார்; 2024இல் தமிழ் தலைவாஸ் அணிக்குப் பயிற்றுநர்களில் ஒருவரானார். அங்கே அவர் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தவற்றில் அந்த அரை நொடியும் ஒன்று. அதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்பது வேறு கேள்வி. கணுக்காலை எப்படிப் பற்றுவது என்று காட்டலாம். எந்தக் கணத்தில் பக்கத்துக் கையை விடுவது என்பதை, விட்டுக் காட்டினால்கூட மற்றவர் பார்ப்பது விட்டதை மட்டும்தான். விடத் தீர்மானித்ததை அல்ல.

அப்படி ஒரு தீர்மானம் உண்மையில் நடக்கிறதா என்பதும் உறுதியில்லை. பாய்கிற உடலின் வேகத்தில் விரல்கள் தாமாகவே கழன்றிருக்கலாம். பக்கத்தில் நின்றவன், இவன் பாயப்போகிறான் என்று உணர்ந்து முன்கூட்டியே நெகிழ்த்தியிருக்கலாம். நல்ல துணையாட்டக்காரர் செய்வது அதுதான். அப்படியென்றால் மணலில் அந்தச் சிறுவன் சொன்னது மறுப்பு அல்ல, உண்மை: 'நீதான் விட்டனீ.' நீ விட்டதால்தான் என்னால் போக முடிந்தது. ஒரு பழியாகக் கேட்ட வாக்கியம் நன்றியாகவும் இருந்திருக்கலாம். சொன்னவனுக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம். அல்லது இரண்டும் இல்லாமல், வியர்வையில் கை வழுக்கியிருக்கலாம்.

பார்த்து நின்றவர் அந்த நேரத்தில் மற்ற எல்லோரையும் போலக் கணுக்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். யார் முதலில் விட்டது என்பதை அவர் காணவில்லை.