நூலுக்கும் ஒரு கெடு

குன்னூரில் கம்பளி நூல் வாங்கிச் சேர்க்கக் காரணம் தேட வேண்டியதில்லை. ஐப்பசி மழையும் மார்கழிக் குளிரும் அதை வருஷா வருஷம் வாசலுக்கே கொண்டுவந்துவிடும். ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், சமையலறையை ஒட்டிய சாமான் அறையைப் பின்னல் அறையாக்கிக்கொண்டேன். எட்டடிக்கு ஆறடி. ஒரே ஜன்னல், அதையும் பாதி நாள் மூடுபனி அடைத்துக்கொள்ளும்.

இந்த ஊரில் எதை அடுக்குவதானாலும் முதலில் ஈரத்தைக் கவனிக்க வேண்டும். அலமாரியைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டேன். அட்டைப்பெட்டி நமுத்துப்போகும் என்பதால் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்கள். அசல் ஆட்டுக் கம்பளியை அந்துப்பூச்சியின் புழு தின்னும். அக்ரிலிக் நூல் அதற்கு இரையாகாது. அதனால் இரண்டும் வேறு வேறு தட்டில். லேபிளைக் கிழித்துப் போடக் கூடாது, சாய எண் அதில்தான் இருக்கிறது. அதே நீலம்தானே என்று வேறு சாய எண்ணில் வாங்கினால், ஸ்வெட்டரின் உடம்பு ஒரு நீலம், கை வேறு நீலம் ஆகிவிடும். அதற்குப் பயந்தே பின்னுகிறவர்கள் ஒரு உருண்டை கூடுதலாக வாங்குவோம். என் அறையில் இடத்தை அடைத்தவை பெரும்பாலும் அந்தக் கூடுதல் உருண்டைகள்தான்.

எல்லாவற்றையும் தரையில் கொட்டிப் பிரிக்க உட்கார்ந்தபோது வேறொரு கேள்வி எழுந்தது. இத்தனையை ஒருத்தி வைத்திருப்பது தகுமா? காந்தி 1930இல் எரவாடா சிறையிலிருந்து ஆசிரமத்தாருக்கு எழுதிய கடிதங்களில், தேவையில்லாததை வைத்திருப்பதைத் திருட்டின் பக்கத்திலேயே வைக்கிறார். படித்தால் உடம்பு கூசுகிறது. ஆனால் எந்த உருண்டை தேவை, எது தேவையில்லை? பின்னுகிறவளைக் கேட்டால் எல்லாமே தேவைதான்.

எனக்கு வழி காட்டியது பாலி விநய பிடகம். பௌத்தத் துறவிகளான பிக்குகளுக்கான அந்தச் சட்டத் தொகுப்பு துணியைப் பற்றி நிறையப் பேசுகிறது. உபரிச் சீவரத்தை, அதாவது பிக்கு உடுத்தும் ஆடையை, பத்து நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது ஒரு விதி. ஏன் பத்து? புத்தரின் சீடர் ஆனந்தருக்கு ஓர் உபரிச் சீவரம் கிடைக்கிறது. அதைச் சக சீடர் சாரிபுத்தருக்குக் கொடுக்க ஆசை. அவரோ சாகேதத்தில் இருக்கிறார். எப்போது திரும்புவார் என்று புத்தர் கேட்கிறார். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ என்கிறார் ஆனந்தர். சரி, பத்து நாள் வைத்துக்கொள்ளலாம் என்று விதி பிறக்கிறது. ஒரு நண்பர் ஊர் திரும்ப ஆகும் நாள்தான் அந்தக் கெடு.

இன்னொரு பிக்குவுக்குக் கிடைத்த துணி, சீவரம் தைக்கப் போதவில்லை. அதைத் திரும்பத் திரும்ப இழுத்து நீவிக்கொண்டிருக்கிறார். மேற்கொண்டு துணி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு உண்டா என்று புத்தர் கேட்கிறார். உண்டு என்றதும், எடுத்து வைக்க அனுமதிக்கிறார். பிறகு துணிகள் மூட்டை மூட்டையாக மாதக்கணக்கில் தொங்க, ஒரு மாதம் என்று அந்த நம்பிக்கைக்கும் எல்லை வந்தது.

இந்த விதிகள் எத்தனை முழம் என்று கேட்கவில்லை. யாருக்கு, எதை எதிர்பார்த்து, எதுவரை என்று கேட்கின்றன. நான் டப்பாக்களை அதன்படி பிரித்தேன். வெள்ளையும் இளமஞ்சளும் தங்கை பேத்திக்கு, தை பிறப்பதற்குள். அரக்கு நிறம் எதிர் வீட்டு அக்காவின் சால்வைக்கு, இன்னும் இரண்டு உருண்டை வர வேண்டும். பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்டினேன்.

எதுவும் எழுத முடியாமல் நின்றவைதான் அதிகம். யாருக்கு என்று யோசித்தால் ஒரே பதில்: என்றாவது பின்னப்போகும் எனக்கு. அந்த ‘எனக்கு’ என்பவளை எனக்குத் தெரியும். அவளுக்கு விரல் மூட்டு வலிக்காது, கண்ணில் புரை விழாது, சாயங்காலங்கள் தீரவே தீராது. நிலையான ‘நான்’ கிடையாது என்று போதித்த மரபு, அப்படிப்பட்ட ஒருத்தியின் பேரில் துணி சேர்க்க இடம் தராததில் வியப்பென்ன?

இல்லறத்தாருக்குத் துறவியின் சட்டம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வள்ளுவர் ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரமே வைத்தார்; கொடுக்க வேண்டுமானால் வீட்டில் ஏதாவது இருந்தாக வேண்டும். திடீரென்று ஒரு குழந்தை பிறந்த சேதி வரும்போது நூல் கையிருப்பில் இருப்பது நல்லதே. ஆனால் ஒரு கைக்குழந்தையின் குல்லாவுக்கு ஓர் உருண்டை போதும். மீதி அலமாரி எந்த அறத்துக்காக நிறைந்திருக்கிறது?

விநயத்தில் எனக்குப் பிடித்த இடம் வேறு. கெடு தாண்டிய சீவரத்தைப் பிக்கு சங்கத்திடமோ இன்னொரு பிக்குவிடமோ விட்டுக்கொடுத்து, குற்றத்தைச் சொல்ல வேண்டும். அதன்பின் அந்தச் சீவரம் அவரிடமே திருப்பித் தரப்படும். பொருள் போகவில்லை, ‘என்னுடையது’ என்ற பிடி மட்டும் ஒருமுறை தளர்கிறது.

போகிக்குப் பழையதைக் கழிக்கிறோம். புதிதாகவே கிடந்து வீணாவதைக் கழிக்க நமக்கு நாள் இல்லை. அதனால் போகிக்கு முன்பு, பெயரில்லாத டப்பாக்களை எதிர் வீட்டுத் திண்ணையில் இறக்கினேன். அக்கா ஸ்வெட்டர் பின்னி விற்பவர். வேண்டியதை எடுத்துக்கொண்டு, “இது உனக்கு இருக்கட்டும் டீச்சர்” என்று கொஞ்சம் திருப்பித் தந்தார். வந்த நூல் அதே நூல்தான். ஆனால் அது இப்போது ஒருவர் கொடுத்தது. சும்மா போட்டுவைக்க மனம் வரவில்லை. அடுத்த போகிக்கும் அதே திண்ணை, அதே கணக்கு என்று பேசி வைத்திருக்கிறோம்.