விடியுமுன் ஏரிக்கரையில் நில்!

"நல்ல லென்ஸ் மட்டும் கையில் இருந்தால் நானும் பெரிய ஆளாகியிருப்பேன்" என்று சொல்வதை இன்றோடு நிறுத்து, தம்பி! தங்கையே, நீயும்தான்! அந்த லென்ஸை வாங்கப் பணம் சேரும்வரை உன் ஊர் ஏரிக்கு வலசை வந்த வாத்துகள் காத்திருக்கப் போவதில்லை. கையில் இருப்பதை எடு. கிளம்பு.

மா. கிருஷ்ணனைத் தெரியுமா உனக்கு? 1912-ல் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். சென்னையில் குடியிருந்துகொண்டு இந்தியக் காடுகளையெல்லாம் கறுப்பு வெள்ளையில் பதிவு செய்தவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிக்கொண்ட கனத்த கருவி ஒன்றை அவர் சுமந்து திரிந்தார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். ஆட்டோஃபோகஸ் கிடையாது. எடுத்ததை உடனே பார்க்கத் திரை கிடையாது. ஃபிலிமைக் கழுவினால்தான் தேறியதா இல்லையா என்று தெரியும். ஆனாலும் அவருடைய யானைகள் இன்றைக்கும் நம்மை நேருக்கு நேர் பார்க்கின்றன! காரணம், கிருஷ்ணன் முதலில் பார்த்தவர், பிறகுதான் எடுத்தவர். 1950 முதல் 1996-ல் மறையும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதினார். நாற்பத்தாறு ஆண்டுகள்! அணிலையும் காக்கையையும்கூட அலுக்காமல் பார்த்த கண் அது. பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது.

நீ எங்கே தொடங்குவது? ரந்தம்பூர்ப் புலி பிறகு. மசாய் மாரா சிங்கம் அதற்கும் பிறகு. சைக்கிளில் போய்த் திரும்பும் தூரத்தில் ஒரு கண்மாய், ஒரு குளம், ஒரு கழிமுகம், ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு. ஒரு வருஷம் அதை விடாதே. வாரத்துக்கு ஓர் இடம் என்று ஓடுகிறவனிடம் ஆல்பம் சேரும். ஒரே கரையில் உட்காருகிறவனுக்குத்தான் கலை படியும். இதை நான் அடித்துச் சொல்வேன்.

அந்தக் கரையில் என்ன கற்றுக்கொள்வாய் என்று கேட்கிறாயா? காற்றைச் சொல்கிறேன், கேள். பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், எதிர்த்துத்தான் இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் கிழக்குக் கரையோரம் கொண்டல் வீசும் காலையை நினைத்துப் பார். சூரியனும் கிழக்கே, காற்றும் கிழக்கேயிருந்து. இரண்டையும் முதுகில் வாங்கிக்கொண்டு ஏரியின் கீழ்க்கரையில் நீ உட்கார்ந்தால், தண்ணீரில் இறங்க வரும் கூழைக்கடா முகத்தில் வெயில் விழ, இறக்கையை முழுதாக விரித்து உன்னைப் பார்த்தே வரும். அதே நாளில் மேல்கரையில் நிற்கிறவனுக்கு என்ன கிடைக்கும்? இருண்ட முதுகும் வாலும்! கேமரா ஒன்றாகவே இருக்கட்டும், லென்ஸ் ஒன்றாகவே இருக்கட்டும். உட்கார்ந்த இடம் வேறு, படம் வேறு. எந்தப் பக்கம் காற்று என்று தெரியவில்லையா? ஒரு பிடி மண்ணை அள்ளித் தூவிப் பார்.

கருப்பு வெள்ளை மீன்கொத்தியைப் பார்த்திருப்பாய். நீருக்கு மேலே ஓரிடத்தில் நின்றபடியே சிறகடிக்கும். உடல் படபடவென்று ஆடினாலும் தலை மட்டும் ஆணியடித்த மாதிரி அசையாது. அந்தத் தலையில் ஃபோகஸ் வை. ஷட்டர் வேகத்தை 1/2000-க்குக் கொண்டு போ, வெளிச்சம் இடம் கொடுத்தால் இன்னும் ஏற்று. அலகு நேர் கீழே திரும்பியதா? பாயப் போகிறது. இதை எந்தக் கையேட்டையும்விட அந்தப் பறவையே உனக்கு நன்றாகச் சொல்லிக் கொடுக்கும்.

ஒளியின் கணக்கையும் விரல் நுனிக்குக் கொண்டு வா. கரிய நீரில் வெள்ளைக் கொக்கு ஒன்று சிறியதாக நிற்கிறது. தானியங்கி முறையில் கேமரா அந்த இருட்டைப் பார்த்து ஒளியைக் கூட்டிவிடும். கொக்கின் இறகெல்லாம் வெளுத்துப் போகும். ஒரு ஸ்டாப் குறைத்துப் பார், ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டாமல் இருக்கிறதா என்று கவனி. இன்னொன்று: படு! சேறு படட்டும், சட்டையைத் துவைத்துக்கொள்ளலாம். பறவையின் கண்மட்டத்துக்கு லென்ஸ் இறங்கும்போது பின்னணி விலகிக் கரைந்துபோகும்.

இதெல்லாம் ஏன் மனப்பாடமாக வேண்டும்? 1941 நவம்பர் 1 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் காரை அவசரமாக நிறுத்தினார். ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூருக்கு மேலே நிலா. கல்லறைச் சிலுவைகள் மீது கடைசி வெயில். ஒளிமானியைத் தேடினார், அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு எவ்வளவு என்ற எண் அவர் நினைவில் இருந்தது. அதை வைத்தே கணக்குப் போட்டு எடுத்தார். இரண்டாவது படத்துக்குத் தயாராவதற்குள் வெயில் போய்விட்டது. உலகம் கொண்டாடும் அந்தப் படத்துக்கு நெகட்டிவ் ஒன்றே ஒன்றுதான்! பயிற்சி செய்தவனிடம் அந்த ஒரு நொடி ஏமாந்து போகாது.

அடிபட்டால்? எரிக் ஹாஸ்கிங் என்ற ஆங்கிலேயரைச் சொல்கிறேன். 1937-ல் வேல்ஸில், ஆந்தைக் கூட்டருகே படமெடுக்கப் போனவரின் இடது கண்ணைத் தாய் ஆந்தை நகத்தால் கிழித்தது. கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. முப்பது வயதுகூட ஆகாத மனிதர், பறவைப் படங்களே பிழைப்பு. கேமராவைக் கீழே வைத்தாரா? மீதி ஒரு கண்ணோடு பல பத்தாண்டுகள் உழைத்து, பறவைப் படக்கலையின் பெரும்பெயர்களில் ஒன்றானார். நீ இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டு, போட்டியில் ஒரு படம் தேறவில்லை என்றா சோர்ந்து உட்கார்ந்திருக்கிறாய்? எழுந்திரு!

ஒன்றை மட்டும் உன்னிடம் கண்டிப்பாகக் கேட்பேன். கூட்டை நெருங்காதே, கல்லெறிந்து பறவையைக் கிளப்பாதே. சிவகங்கைச் சீமையில் கொள்ளுகுடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. பிள்ளைகளின் பட்டாசையே விட்டுக்கொடுத்த ஊர் அது. அந்தக் கரையில் ஒரு படத்துக்காக நாரைக் கூட்டத்தைக் கலைப்பவன் கலைஞனா? முட்டை வெயிலில் காயும், காக்கை கொத்தும். அந்தப் படத்துக்கு எத்தனை பரிசு வந்தால்தான் என்ன?

வெற்றியைப் பற்றியும் பேசிவிடுவோம், அது கெட்ட வார்த்தை அல்ல. ஒவ்வொரு படத்தோடும் பறவையின் பெயர், இடம், தேதி, அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அன்றே எழுதி வை. பெயர் தெரிந்த படத்தைத்தான் பத்திரிகையும் பதிப்பகமும் தேடும். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொள்; உன்னைவிட நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர்களை அங்கே சந்திப்பாய். ஆயிரம் படத்தில் இருபதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஈவிரக்கமில்லாமல் ஒதுக்கு. அந்த இருபதோடு ஆசிரியர்களின் கதவைத் தட்டு. "பணம் இல்லை, பெயர் போடுகிறோம்" என்பார்கள். நாலு மணிக்கு எழுந்தவன் நீ, சேற்றில் கிடந்தவன் நீ! கட்டணத்தை நிமிர்ந்து சொல். மறுத்தால் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த கதவைத் தட்டு.