கோணிய விரல்கள்

தொழிலில் நிலைத்த வெற்றி என்ற பேச்சு வந்தால், எனக்கு முதலில் நினைவுக்கு வருபவை டாக்டர் ஜி. வெங்கடசாமியின் கைகள். முடக்குவாதத்தால் மூட்டுக்கு மூட்டு கோணிப்போன விரல்கள். அந்த விரல்களால்தான் அவர் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார்.

எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்தவர். 1944-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்தார். உறவுக்காரப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து வளர்ந்ததால் மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதே அவர் ஆசை. ராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது முடக்குவாதம் தாக்கியது. படுத்த படுக்கையானார், பேனாவைப் பிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. பிரசவம் பார்க்கும் கனவைக் கைவிட்டுக் கண் மருத்துவம் படிக்கப் போனார்.

அந்தத் துறையில் கைக்கு என்ன வேலை என்று பார்க்க வேண்டும். கருவிழியின் ஓரத்தில் கீறி, புரையேறிய லென்ஸை அதன் உறையோடு முழுசாக வெளியே எடுப்பது அந்தக் காலத்து முறை. உறை வழியில் கிழிந்தால் சிக்கல். நல்ல விரல் படைத்தவர்களுக்கே உள்ளங்கை வியர்க்கும் வேலை. வெங்கடசாமி கத்தியைப் பிடிப்பதிலிருந்து ஆரம்பித்தார். தன் விரல்களின் கோணலுக்குத் தக்கபடி கருவிகளை அமைத்துக்கொண்டார். மற்றவர்களுக்குத் தானாக வந்துவிடும் ஒவ்வோர் அசைவையும் அவர் யோசித்து, பிரித்து, திரும்பத் திரும்பச் செய்து பழக வேண்டியிருந்தது.

1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவரானார். அங்கே இருபது ஆண்டுகள். கிராமம் கிராமமாகக் கண் முகாம்கள், வரிசையில் நின்ற ஏழை விவசாயிகள், மாணவர்களுக்குப் பாடம். வெற்றிக் கதை சொல்பவர்கள் இந்த இருபது ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டிவிட்டு 1976-க்கு வந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 58 வயதில் ஓய்வு பெற்றவர், வீட்டை அடமானம் வைத்து, மதுரை அண்ணா நகரில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியது துணிச்சல்தான். ஆனால் அந்தத் துணிச்சலுக்கு முதலீடு அந்த இருபது ஆண்டுகள். எந்த ஊரில் எத்தனை பேர் பார்வையின்றி வீட்டோடு கிடக்கிறார்கள், அவர்களை வரவிடாமல் தடுப்பது பேருந்துக் காசா, பயமா, துணைக்கு ஆளில்லாததா என்பதெல்லாம் முகாம்களில் நின்று நின்று தெரிந்துகொண்டவை.

பொறுமை என்றால் காத்திருப்பது என்றே பலரும் நினைக்கிறோம். வெங்கடசாமி எதற்கும் காத்திருக்கவில்லை. அன்றாடம் வேலை செய்துகொண்டிருந்தார். உழைப்பவர் எல்லாருக்கும் பெயரும் புகழும் வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். எத்தனையோ நல்ல உழைப்பாளிகள் யாருக்கும் தெரியாமலே ஓய்வு பெற்றுப் போயிருக்கிறார்கள். இவருக்கும் தங்கைகளும் தம்பிகளும் அவர்கள் துணைவர்களும் தோள் கொடுத்தார்கள். தனியாளாக இருந்திருந்தால் முடிந்திருக்குமா என்பது சந்தேகமே. ஆனால் மெதுவாகக் கற்றவருக்கு ஒரு பலன் நிச்சயம் உண்டு: தான் எப்படிக் கற்றோம் என்பது அவருக்குத் தெரியும்.

அரவிந்தின் வேலைமுறையை இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். அங்கே ஓர் அறுவை முடிந்ததும் மருத்துவர் அடுத்த மேசைக்குத் திரும்புகிறார்; அங்கே நோயாளி தயாராக இருக்கிறார். பார்வைச் சோதனை, மருந்திடுதல், கருவிகளை எடுத்துத் தருதல் என்று வேலை முழுவதும் படிப்படியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களைச் சேர்த்து, இரண்டாண்டு பயிற்சி கொடுத்து அந்தப் படிகளை ஒப்படைக்கிறார்கள். பிறவித் திறமையால் மின்னுபவருக்குத் தன் வேலையை இப்படிப் பிரித்துக் காட்டத் தெரிவது அரிது. ஒவ்வோர் அசைவையும் கஷ்டப்பட்டுக் கூட்டிச் சேர்த்தவருக்கு அது கைவந்த கலை. சீக்கிரம் கிடைத்த வெற்றி பெரும்பாலும் பெற்றவரோடு போய்விடுவதற்கும் இதுதான் காரணம் என்று தோன்றுகிறது. எடுத்துக் கொடுக்க அதில் படிகள் இருப்பதில்லை.

புரையேறிய லென்ஸுக்குப் பதிலாகக் கண்ணுக்குள் வைக்கும் செயற்கை விழிலென்ஸ் விலையால் ஏழைகளுக்கு எட்டாமல் இருந்தது; அதை இங்கேயே செய்ய 1992-இல் ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி என்று மருத்துவமனைகள் அவர் காலத்திலேயே எழுந்தன. 2006-இல் அவர் மறைந்தார். அதன் பிறகு சென்னையிலும் திருப்பதியிலும் திறந்த மருத்துவமனைகளில், அவரிடம் பழகியவர்களிடம் பழகியவர்கள் அறுவை செய்துகொண்டிருக்கிறார்கள்.