மருந்து தராத வைத்தியர்

பாரிஸில் கலியாணவீடு, லண்டனில் செத்தவீடு என்று நாம் ஓடுகிற ஓட்டத்தில் நெஞ்சுச்சளியும் கூடவே வந்துவிடுகிறது. போன ஊரில் ஒரு வைத்தியரைத் தேடிப் பிடிக்கிறோம். அவர் குழாய் வைத்துக் கேட்கிறார். நியூமோனியா இல்லை, தண்ணீர் குடியுங்கள், இருமல் மூன்று கிழமை வரை இருக்கும் என்று வெறுங்கையோடு அனுப்பிவிடுகிறார். நமக்குச் சுடுகிறது. வெள்ளைக்காரன் போயிருந்தால் இப்படி அனுப்புவாரா?

இந்தச் சந்தேகம் சும்மா முளைத்ததல்ல. அகதி விண்ணப்பக் காரியாலயங்களின் வாசல்களில் கால்கடுக்க நின்று வளர்ந்தது. ஆனால் இந்த நோய் பெரும்பாலும் வைரஸால் வருவது. அன்ரிபயோற்றிக்குக்கு வைரஸிடம் வேலையில்லை. சளி பச்சையாக வந்தாலும் கதை அதுதான். வெள்ளைக்காரனுக்கும் தண்ணீர்தான்.

சென்னையிலிருந்து வந்தவர் தந்த அமொக்ஸிசிலின் பெட்டிக்குள் கிடக்கிறதே, நாலு குளிசை விழுங்கினால் யாருக்கு நட்டம்? பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் தமது நோபல் உரையில், கற்பனையாக ஒருவரைக் காட்டினார். தொண்டை நோவுக்கு அவர் தானே பெனிசிலின் வாங்கி அரைகுறையாகப் பாவிக்கிறார். கிருமி எதிர்த்து நிற்கப் பழகிக்கொண்டு மனைவிக்குத் தொற்றுகிறது. அவளை அதே பெனிசிலினால் காப்பாற்ற முடியவில்லை. அவளுடைய சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார் பிளெமிங். கலியாணத்துக்கு வந்த பத்துப்பேர் ஒரே அறையில் பாய் விரித்துப் படுக்கிற நமக்கு அந்தக் கேள்வி தூரத்துக் கேள்வியல்ல.

மூச்சு முட்டினால், சளியில் இரத்தம் கண்டால், அது வேறு விடயம். அப்போது அந்தச் சந்தேகத்தையும், மொழி தெரிந்த ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போகத்தான் வேண்டும்.