தெரியாமல் கொடுப்பவர்கள்

“எங்க வரிப்பணத்துல இவங்களுக்கு ஓசி பஸ்.” 2021இல் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததிலிருந்து இந்தப் பேச்சை ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சாதாரணமாகக் கேட்கலாம். கொடுப்பவர்கள் ஒரு சாதி, வாங்குபவர்கள் இன்னொரு சாதி என்ற நினைப்பு இதற்குள் இருக்கிறது. அது சரிதானா?

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். வருமான வரிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்தால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. குளிக்கிற சோப்புக்கு 2025 செப்டம்பர் வரை 18, இப்போது 5. பிள்ளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கினால் அதிலும் 5. வீட்டுக்காரர் டாஸ்மாக்கில் கொடுக்கிற காசில் பெரும்பங்கு அரசுக்குத்தான் போகிறது. மில் முதலாளி வாங்கும் சோப்புக்கும் இவர் வாங்கும் சோப்புக்கும் ஒரே வரி. வருமானத்தோடு வைத்துப் பார்த்தால் யார் தோளில் பாரம் அதிகம் என்பது தெரியும். ஆனால் இவர் பெயரில் ஒரு ரசீதும் கிடையாது. தான் வரி கட்டுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது.

இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பழைய கதை உண்டு. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். ஏழையின் கஞ்சிக்குள் ஒளிந்திருந்த உப்பு வரியை எதிர்த்த நடை அது. அதே ராஜாஜி பிரதமராக இருந்தபோது, 1937இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள், சாராய வருமானம் போகும் இடத்தை நிரப்ப 1939இல் பொது விற்பனை வரியைப் போட்டார். நோக்கம் நல்லதுதான். ஆனால் அதுவும் விலைக்குள் ஒளிந்துகொள்ளும் வரிதான். இன்று மதுவிலக்கு இல்லை. 2003 முதல் அரசே கடை வைத்துச் சில்லறையாக விற்கிறது. விற்பனை வரி மட்டும் பெயர் மாறி, வளர்ந்து நிற்கிறது.

வீட்டு வரியின் குணம் வேறு. 2022 ஏப்ரலில் தமிழக அரசு அதை உயர்த்தியது. 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம். சனங்கள் கொதித்தார்கள். கூடவே “கட்டுறோம்ல, தண்ணி ஏன் வரலை? சாக்கடையை ஏன் அள்ளலை?” என்றும் கேட்டார்கள். கையால் எண்ணிக் கொடுத்த காசுக்கு வாய் இருக்கிறது. பிசிராந்தையார் பாண்டியனிடம், வரி வாங்கத் தெரியாத அரசனை வயலுக்குள் புகுந்த யானையோடு ஒப்பிட்டார். யானை வந்தால் விவசாயிக்குத் தெரியும், சத்தமாவது போடலாம். விலைக்குள் ஒளிந்த வரிக்கு யார் சத்தம் போடுவது?

மறைமுக வரியை ஒழித்துவிட முடியாது. ஒவ்வொருவரும் கவுண்டரில் நின்றுதான் கட்டவேண்டும் என்றால் ஆஸ்பத்திரியும் சத்துணவும் நடக்காது. அரசின் கை நீண்டதால் பிழைத்த குடும்பங்கள் இந்த இரண்டு ஊர்களிலும் நிறைய. அரசு பெரிதாவதை நான் குறை சொல்லவில்லை. வாங்கும்போது தெரியாமல் வாங்கிக்கொண்டு, கொடுக்கும்போது மட்டும் தெரியும்படி கொடுக்கிறதே, அதுதான் உறுத்துகிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய்க்கு ‘உரிமைத் தொகை’ என்றே பெயர் வைத்தார்கள். வாங்குபவர் வாயில் அது இன்னும் ‘குடுக்குறாங்க’ என்றுதான் வருகிறது. தன் பணமும் அதில் இருப்பது தெரியாதவருக்கு உரிமை என்ற சொல் ஒட்டாது.

கிராம சபையில் ஊராட்சியின் வரவு செலவை வாசிக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம், சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. தறிக்காரப் பெண் பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அது பயத்தால் மட்டும் அல்ல. அந்தக் கணக்கில் தன் காசும் கிடக்கிறது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.