பிறர் பிணியில் நகைக்கலாமோ?

எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்த தொல்காப்பியர் நகையையே முதலில் வைத்தார். அது தோன்றும் இடங்களைக் கூறும்போது, பிறரை எள்ளுதலையே முதற்காரணமாகக் காட்டினார். நம் அறநூல்களோ இன்னும் ஒருபடி மேலே சென்று, மோகனீய கர்மத்தின் பிரிவாகிய ஒன்பது நோகஷாயங்களுள் ஹாஸ்யத்தையும் ஒன்றாக எண்ணின. சோகம், பயம், அருவருப்பு ஆகியவற்றோடு ஒரே வரிசையில் சிரிப்பு நிற்கிறது. சிரிப்பு அத்தனை தீயதோ என்ற ஐயம் எழுவது இயல்பே. இவ்வையத்தை ஆராய்வதற்கு அமெரிக்கத் தொலைக்காட்சியில் நிகழ்ந்த ஒன்று நமக்குத் துணை செய்கிறது.

2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் எஃப்.எக்ஸ். என்னும் அலைவரிசையில் ‘ஸ்டார்வ்ட்’ என்ற நகைச்சுவைத் தொடர் தொடங்கிற்று. பட்டினியால் வாடியவர் என்பது அப்பெயரின் பொருள். நியூயார்க் நகரில் வாழும் நான்கு நண்பர்கள். நால்வருக்கும் உணவோடு தீராத போர். ஒருவர் அளவின்றி உண்பவர். ஒருவர் காவலர், உண்டதை வலிந்து வெளியேற்றும் நோயாளி. இத்தொடரை எழுதி, இயக்கி, தாமே நடித்தவர் எரிக் ஷேஃபர். தாமும் இத்தகைய நோயில் உழன்றவர் என்று அவர் வெளிப்படையாகக் கூறினார். எனினும், உண்ணல் கோளாறுகளுக்கான அந்நாட்டுத் தேசியச் சங்கம், இது நகைப்புக்குரிய பொருளன்று என்று கண்டித்தது. ஏழு பகுதிகளோடு தொடர் நின்றது.

எதிர்த்தவர்கள் கூற்றில் வலிமை உண்டு. இந்நோய்கள் வெறும் பிடிவாதம் அல்ல. உடல் மெலிந்த பின்னும் பருத்துவிட்டதாக அஞ்சி உணவை மறுக்கும் நோய்க்கு, 1873ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் வில்லியம் கல் ‘அனோரெக்சியா நெர்வோசா’ என்று பெயரிட்டார். மிகுதியாக உண்டு, பின் அதனைக் கக்கித் தீர்க்கும் ‘புலிமியா’வை 1979ஆம் ஆண்டில் ஜெரால்டு ரஸ்ஸல் தனி நோயாக விளக்கினார். ஓயாது கக்குவதால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயம் தடுமாறும். மனநோய்களுள் உயிரிழப்பு மிகுந்தவற்றில் அனோரெக்சியாவும் ஒன்று. உயிர் போகும் இடத்தில் நகைப்பதா என்று அவர்கள் கேட்டதில் பிழையில்லை.

ஆயினும் ஷேஃபரின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. இந்நோயின் உயிர்நிலை மறைத்தல். நோயாளி தனித்து உண்பார், தனித்துக் கக்குவார், கேட்டால் பசியில்லை என்பார். குப்பைத் தொட்டியில் எறிந்த பண்டத்தையே மீண்டும் எடுத்து உண்ணும் இழிநிலையை ஒருவர் பலர் அறியச் சொல்லிச் சிரித்தாரெனில், அங்கே மறைப்பு உடைகிறது. தன் துன்பத்தைத் தானே நகைப்பவன் அத்துன்பத்திலிருந்து ஓரடி விலகி நிற்கிறான். அச்சிரிப்பு எள்ளல் அன்று. அது ஒருவகை ஒப்புதல் வாக்குமூலம். அதனைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை.

சிக்கல் எங்கே பிறக்கிறது? அச்சிரிப்பு நோயாளியின் வாயிலிருந்து பார்ப்பவனின் வாய்க்கு மாறும்போது பிறக்கிறது. நாற்பது பேர் அமர்ந்த வகுப்பறையை நடத்திய எவரும் இதனை அறிவர். தடுக்கி விழுந்த மாணவன் தானே சிரித்தால், வகுப்பு அவனோடு சேர்ந்து சிரிக்கும். அவன் தலைகுனிந்து நிற்கையிலும் வகுப்பு சிரித்தால், அது அவனைப் பார்த்துச் சிரிப்பதாகும். ஓசை ஒன்றே, வினை வேறு. தொலைக்காட்சியிலோ பார்ப்பவனுக்கு நோயாளியின் முகம் தெரியும். நோயாளிக்குப் பார்ப்பவனின் முகம் தெரியாது. ஆகவே தன் சிரிப்பு எத்தகையது என்று சோதிக்கும் பொறுப்பு முழுவதும் பார்ப்பவன்மீதே விழுகிறது.

தத்துவார்த்த சூத்திரம் இதனை நுட்பமாக உணர்த்துகிறது. வாய்மை விரதத்தைக் காக்கும் ஐந்து பாவனைகளுள் கேலிப்பேச்சை விடுதலும் ஒன்று. கோபத்தால் பொய் வரும், பேராசையால் வரும், அச்சத்தால் வரும், வேடிக்கைக்காகவும் வரும். சிரிப்பூட்ட முனைபவன் மனிதனை முழுமையாகக் காட்டாமல், அவனது குறையை மட்டும் பெரிதாக்கிக் காட்டுகிறான். அதுவே பொய். மேலும், இம்சைக்கு வேர் கவனக்குறைவும் கஷாயமுமே என்பது ஆசாரியர் கருத்து. ‘விளையாட்டாகச் சொன்னேன்’ என்பது அங்கே விடுதலை தரும் சொல் அன்று. கவனமின்மையை ஏற்றுக்கொள்ளும் சொல்லே ஆகும்.

அத்தொடரில் நண்பர்கள் செல்லும் குழு ஒன்று வருகிறது. தவறைச் சொன்னவரை அனைவரும் கூடிக் கண்டித்து நாணச் செய்வதே அதன் முறை. அது கற்பனையும் கேலியுமே. உண்மையில் 1960ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொடங்கிய ‘ஓவர்ஈட்டர்ஸ் அனானிமஸ்’ என்னும் அமைப்பில், மிகையாக உண்போர் தம் முழுப்பெயர் வெளிப்படாமல் கூடி, ஒருவர்க்கொருவர் துணை நிற்கின்றனர். நாணம் நோயை ஆழப் புதைக்கிறது. நட்பு அதனை வெளிக்கொணர்கிறது. நம் இல்லங்களில், ‘எலும்பும் தோலுமாய் இருக்கிறாய்’, ‘பானை வயிறு’ என்று உறவினர் கூடிய இடத்தில் சொல்லிச் சிரிக்கிறோமே, அது எக்குழுவின் முறை என்று எண்ணிப் பார்த்தல் நலம்.

நம் சமுதாயம் இங்கே மற்றொன்றையும் கருத வேண்டும். உண்ணாமையை நாம் தவமாகப் போற்றுகிறோம். அனசனமும், அரைவயிறு உண்ணும் அவமோதரியமும் புறத்தவங்கள். ஆகவே, நோயால் உணவை வெறுக்கும் பெண் ஒருத்தி விரதத்தின் நிழலில் மறைந்துகொள்ள முடியும்; பெரியோரும் அறியாது அவளைப் பாராட்டக்கூடும். இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்?

1944 முதல் 1945 வரை, போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள், பட்டினியின் விளைவை அறிய மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தம் உடலை ஆய்வுக்கு ஈந்தனர். ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் அதனை நடத்தினார். ஆறு மாதம் குறைந்த உணவில் வாழ்ந்த அவர்களுடைய மனம் உணவையே சுற்றிச் சுழன்றது; சிலர் சமையல் நூல்களைப் படித்துக்கொண்டிருந்தனர். சிரிப்பும் தோழமையும் குன்றின. நன்னோக்கம் உடையோரையும் நீண்ட பட்டினி இவ்வாறு ஆக்குமெனில், நோயாளியின் பிடிவாதத்தைக் குணக்கேடு என்று பழிப்பது அறியாமை.

விரதத்திற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, குருவின் அனுமதி உண்டு, பாரணை உண்டு. நோன்பிருப்பவர் பாரணையை அமைதியோடு ஏற்கிறார். நோயாளியோ பாரணையைக் கண்டே அஞ்சுகிறார். விரதம் உடலை மறக்கச் செய்கிறது. நோய் உடலை மட்டுமே நினைக்கச் செய்கிறது. விரதியர் மாயம் என்னும் முள்ளை நீக்கியவராக இருத்தல் வேண்டும் என்பது நெறி. நோயோ மறைப்பிலேயே வளர்கிறது. இவ்வடையாளங்கள் தெரியுமாயின், பாராட்டை நிறுத்தி மருத்துவரை நாடுதலே அறம். அதனால் எந்த விரதத்திற்கும் இழுக்கில்லை.

இனி, பிறர் பிணியில் நகைக்கலாமோ என்னும் வினாவிற்கு விடை காண்போம். பிணியுற்றவர் தாமே நகைத்து நம்மையும் அழைப்பாராயின், உடன் நகைப்பது குற்றமாகாது. ஆனால் அந்நகை அடங்கியபின் நம் உள்ளத்தில் எஞ்சுவது யாது? அருவருப்பு எஞ்சுமாயின், ஒரு நோகஷாயம் மற்றொன்றை ஈன்றது என்று அறிக. காருண்ய பாவனை எஞ்சுமாயின், அன்று இரவு உண்ணாமல் எழுந்து போகும் பிள்ளையின் அருகில் சென்று அமர்ந்து, என்ன வருத்தம் என்று மெல்லக் கேட்போம்.