பிம்பத்தைத் தொடும் பிரதிபிம்பம்

பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் நிரல் எழுதுவதையே ஜீவனோபாயமாகக் கொண்ட பல்லாயிரம் பேர் நாள்தோறும் செய்கின்ற ஒரு சிறு காரியத்துக்குள், நம் ஆசாரியர்கள் தலைமுறை தலைமுறையாக வாதித்த ஒரு பெரிய வினா அடங்கியிருக்கிறது. திரையில் எழுத்துக்களைத் தட்டுவதற்கென்று ஒரு பெட்டி. கணினியின் நினைவகத்தில் அவ்வெழுத்துக்களை ஏந்திக்கொள்வதற்கென்று ஒரு மாறி. பொறியாளர்கள் 'பைண்டிங்' என்று சொல்லும் பிணைப்பினால் இவ்விரண்டையும் சேர்ப்பதே அந்தக் காரியம். பிணைப்பு ஒருவழியாயின், மாறியில் உள்ளதைப் பெட்டி காட்டும், அவ்வளவே. இருவழியாயின், பெட்டியில் தட்டிய மாத்திரத்தில் மாறியின் மதிப்பு வேறாகும், நிரல் அம்மதிப்பைத் திருத்திய மாத்திரத்தில் பெட்டியும் தானே திருந்தும்.

1979-ல் ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த நார்வே நாட்டு அறிஞர் டிரிக்வே ரீன்ஸ்காக், பொருள் வேறு, அதன் தோற்றம் வேறு என்று பிரித்து நிறுத்தும் அமைப்பை வகுத்தார். பிரித்தபின் அவற்றைச் சேர்ப்பது எளிதன்று. பைத்தான் மொழியில் டிகின்டர் கொண்டு எழுதுவோர் சாதாரண மாறி ஒன்றைப் பெட்டிக்குக் கொடுத்தால் உயிருள்ள பிணைப்பு உண்டாவதில்லை. தன் மாறுதலைப் பிறருக்கு அறிவிக்கவல்ல 'ஸ்டிரிங்வார்' என்னும் விசேஷப் பொருளையே கொடுக்க வேண்டும். ஆகவே, இரண்டு வஸ்துக்களை அருகருகே வைப்பதனால் சம்பந்தம் வந்துவிடுவதில்லை. ஒன்றில் நேர்வதை மற்றொன்று அறிந்துகொள்ளும் வழி இருந்தாலன்றி அது சித்திப்பதில்லை.

சிருங்கேரியில் சங்கரர் பெயரால் விளங்கும் மடமும், இராமாநுசர் பல ஆண்டுகள் வாழ்ந்த மேல்கோட்டையும், மத்வரின் உடுப்பியும் ஒருங்கே அமைந்த கன்னட நாட்டில், மூலமாகிய பிம்பத்துக்கும் அதன் தோற்றமாகிய பிரதிபிம்பத்துக்கும் உள்ள சம்பந்தம் யாது என்னும் இந்த வினா புதியதன்று. பிரதிபிம்பம் பிம்பத்தினின்று வேறன்று என்று சங்கரரைப் பின்பற்றிய ஒரு சாரார் கூறினர். பிரதிபிம்பம் மெய்யானது, வேறானது, ஆயினும் என்றென்றும் பிம்பத்தைச் சார்ந்தே நிற்கும் பரதந்திரமுடையது என்றார் மத்வர். ஜீவர்களும் உலகமும் ஈசுவரனுக்குச் சரீரம், அவனே சரீரி என்றார் இராமாநுசர். இத்தனை வேறுபாட்டுக்கிடையிலும் ஒன்றில் மூன்று தரப்பினரும் ஒருமித்தவர்கள்: பிரதிபிம்பத்தின் குறை பிம்பத்தையோ, சரீரத்தின் குறை சரீரியையோ தீண்டுவதில்லை. கண்ணாடியில் தெரியும் திலகத்தை எவ்வளவு துடைத்தாலும் நெற்றியில் இட்ட திலகம் அழியாது. இருவழிப் பிணைப்போ அதையும் அழித்துவிடும் கண்ணாடி.

பெட்டியும் மாறியும் நம் கைவேலைகளே ஆதலால், அவற்றிற்குள்ளேயே இது நிகழ்வதாயின் கேடில்லை. மாறிக்கு அப்பால் ஒரு மனிதன் நிற்கும்போதுதான் விசாரம் தர்மவிசாரமாகிறது. 2000-ஆம் ஆண்டையொட்டிக் கர்நாடக அரசு 'பூமி' என்னும் திட்டத்தினால் ஏறக்குறைய 67 லட்சம் விவசாயிகளின் சுமார் 2 கோடி நிலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றி, கையெழுத்துப் பிரதிகளை விலக்கி, தாலுகா அலுவலகத்தில் அப்போது 15 ரூபாய்க்கு அச்சிட்டுத் தந்த பஹணி என்னும் பதிவுநகலையே செல்லத்தக்கதாக்கியது. கிராமக் கணக்கரின் தயவை நாடி நின்ற ஏழைக்கு அது பெரும் விடுதலை. பதிவை மாற்றும் அதிகாரி கைரேகை பதித்தே உள்ளே புக வேண்டும் என்பதும் நல்ல காவல். ஆயினும் பெட்டியில் ஓர் எழுத்துப் பிறழ்ந்தால், தலைமுறையாக உழுதவன் தான் தானே என்று நிரூபிக்க வேண்டியவனாகிறான். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத தமிழனும், அதற்கென்று உள்ள பெட்டியை வெறுமையாக விட இயலாமல் தகப்பனார் பெயரை ஓரிடத்தில் விரித்தும் மற்றோரிடத்தில் சுருக்கியும் எழுதி, பிறகு இரண்டு தாள்களுக்கிடையே இரண்டு மனிதர்களாக நிற்கிறான்.

இங்கே இராமாநுசரின் இலக்கணம் நமக்கு வழிகாட்டுகிறது. எது ஆன்மாவால் தாங்கப்படுகிறதோ, அதனால் நியமிக்கப்படுகிறதோ, அதன் பொருட்டே இருக்கிறதோ, அதுவே சரீரம். பதிவு மனிதனுக்குச் சரீரமாக இருக்கட்டும்: அவன் இருப்பதால் அது இருக்கட்டும், அவன் சொல்லால் திருந்தட்டும், அவனுக்காகவே பயன்படட்டும். இம்முறை தலைகீழாகி, மனிதன் தன் பதிவுக்குச் சரீரமாவது அதர்மம்.

அப்படியானால் ஸ்வதந்திரமானது பரதந்திரமானதற்குக் கட்டுப்படுவது எங்குமே தகாதோ? காஞ்சியில் திருவெஃகாப் பெருமாள், திருமழிசையாழ்வார் சொன்னபடி பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு அவர் பின்னே நடந்தான் என்றும், திரும்பச் சொன்னதும் திரும்பினான் என்றும் நம்மவர் போற்றி வருகிறார்கள். அங்கே கட்டுண்டவனும் சேதனன், கட்டியவரும் சேதனர். கட்டு, அன்பினால் அவன் தானே வரித்துக்கொண்டது. அறிவும் அன்பும் உள்ள இருவரிடையே இருவழிப் பிணைப்பு பக்தி. அறியாத ஏட்டுக்கும் அறியும் மனிதனுக்கும் இடையே அதுவே சிறை.

ஆதலால், எழுதுகிறவன் தன் சொல்லைப் படித்துப் பார்த்து உறுதி கூறும்வரை மாறியைத் தொடாமல் காத்திருக்கவும், பழைய மதிப்பை அழித்துவிடாமல் வைத்திருக்கவும், பிழை கண்டால் அவன் வாக்கைக் கேட்டுத் திருத்தவும் வழி செய்யும் நிரலாளன் வெறும் தொழில்நுட்பம் செய்யவில்லை. பிம்பத்தின் முதன்மையைக் காக்கும் பழைய வேதாந்த தர்மத்தையே தன் மேசையில் அநுஷ்டிக்கிறான்.